விட்கோவர் நடந்த ரோமில், சில்லறைக் காசுகளோடு

ரோம் விமான நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்குள் வருவதற்கான டாக்சிக் கட்டணத்தை நகராட்சியே நிர்ணயித்திருக்கிறது. பெட்டிகளுக்குத் தனிக் காசு கிடையாது, இரவு நேரத்துக்கென்று கூடுதலும் கிடையாது, தொகை வண்டியின் கதவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் ஓட்டுநருக்கு இவை எதுவும் பொருட்டாகவே இல்லை. இறங்கும் இடத்தில் பெட்டிக்கு இவ்வளவு, நள்ளிரவுக்கு இவ்வளவு என்று விரல்விட்டு எண்ணினார். நான் கதவைச் சுட்டிக்காட்டியதும் திடீரென்று அவருக்கு ஆங்கிலம் மறந்துபோயிற்று. தெருவே விழித்துக்கொள்ளும் அளவுக்குக் குரல் உயர்ந்த பிறகு நிர்ணயத் தொகைக்கு மேல் பத்து யூரோ கொடுத்துத்தான் பெட்டிகளை மீட்க முடிந்தது. பகலில் வந்து சேருபவர்கள் 14 யூரோ கொடுத்து நேரடி ரயிலில் தெர்மினி நிலையத்துக்கு வந்துவிடுங்கள்; ஓட்டுநர்களின் நல்லெண்ணத்தை நம்பி ஒரு பயணத்தைத் தொடங்க வேண்டியதில்லை.

எந்த ஆலயம் எப்போது திறந்திருக்கும், எங்கே எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதுவதாக நண்பர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பயணத்தின் நோக்கம் ஆலயங்கள் மட்டுமல்ல. ருடால்ஃப் விட்கோவர் என்ற கலை வரலாற்றாசிரியரின் வாழ்க்கைப் பணி எந்தத் தெருக்களில் உருவானதோ, அந்தத் தெருக்களில் அவருடைய நூலைக் கையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பதே பல காலமாக எனக்கிருந்த ஆசை. 1600 முதல் 1750 வரையிலான இத்தாலியக் கலையையும் கட்டடக்கலையையும் பற்றி அவர் 1958இல் வெளியிட்ட பெருநூல் இன்றும் அந்தத் துறைக்குள் நுழைபவர்கள் முதலில் திறக்கும் கதவு. 1999இல் அது திருத்தப்பட்டு மூன்று தொகுதிகளாக வந்தது முதுகுப் பையோடு அலைபவர்களுக்கு வாய்த்த நல்ல காலம்.

முதல் காலையில் கிரெகோரியானா தெருவுக்குப் போனோம். அங்கே ஸுக்காரி மாளிகையின் தோட்ட வாசல், வாயைப் பிளந்து நிற்கும் ஓர் அரக்க முகமாகவே செதுக்கப்பட்டிருக்கிறது. நெற்றியைச் சுருக்கி, கன்னத்தை உப்பவைத்து, உள்ளே வருபவரை விழுங்கத் தயாராக இருக்கும் அந்த முகத்துக்குப் பின்னால்தான் ஹென்ரியெட்டே ஹெர்ட்ஸ் என்ற பெண்மணியின் கொடையால் 1913இல் தொடங்கப்பட்ட ஹெர்ட்சியானா நூலகம் இயங்குகிறது. ஆய்வாளர் அனுமதி இல்லாதவர்கள் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். 1901இல் பெர்லினில் பிறந்து, கட்டடக்கலை படிக்கத் தொடங்கி ஓராண்டிலேயே அதை விட்டு, மியூனிக்கில் கலை வரலாற்றுப் பேராசிரியர் வோல்ஃப்லினிடம் சேர்ந்து அங்கும் மனம் ஒட்டாமல், மீண்டும் பெர்லினில் கோல்ட்ஷ்மிட்டிடம் ஆய்வை முடித்த விட்கோவர், 1923இல் இந்த நூலகத்துக்கு வேலைக்கு வந்தபோது அவருக்கு வயது 22. பிற்காலத்தில், 1942இல், இந்தியாவில் நாய்த்தலை மனிதர்களும் ஒற்றைக் கால் மனிதர்களும் வாழ்வதாகக் கிரேக்கர்கள் எழுதிவைத்த கதைகள் ஐரோப்பிய ஓவியங்களில் எப்படிப் பயணம் செய்தன என்று அவர் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். பத்தாண்டு காலம் இப்படியோர் அரக்க வாயைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனவர் அந்தப் பொருளை எடுத்ததில் எனக்கு வியப்பே இல்லை.

அவர் அங்கே செய்த வேலையின் பொறுமைதான் வியக்கவைக்கிறது. அந்தக் காலத்தில் பரோக் என்றால், அதாவது மறுமலர்ச்சிக்குப் பின் வந்த பதினேழாம் நூற்றாண்டுக் கலைப்பாணி என்றால், படித்தவர்களே முகம் சுளித்தார்கள். அது மறுமலர்ச்சிக் கலையின் சீரழிவு என்ற எண்ணம் பரவலாக இருந்தது. விட்கோவர் வாதத்தில் இறங்கவில்லை. சக ஆய்வாளர் ஹைன்ரிக் பிராவருடன் சேர்ந்து, அந்தப் பாணியின் பெரும் சிற்பியும் கட்டடக் கலைஞருமான பெர்னினியின் வரைபடங்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்று தேடி, எது அவர் கைபட்டது, எது பட்டறையில் உதவியாளர் வரைந்தது என்று தாள் தாளாகப் பிரித்து, 1931இல் அவற்றை நூலாக வெளியிட்டார். ஒரு தூண் வரிசைக்கோ ஒரு கல்லறைக்கோ பெர்னினி எத்தனை முறை மனம் மாறினார் என்பது அதன் பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. ஒரு கட்டடம் முடிந்த வடிவில் பிறப்பதில்லை, அது பல வரைபடங்களின் சண்டையில் உருவாகிறது என்ற பார்வையோடு ரோமில் நடந்தால், ஒவ்வொரு முகப்பும் வேறு மாதிரித் தெரிகிறது.

இதைச் சோதித்துப் பார்க்கக் குவிரினாலே தெருவை விடச் சிறந்த இடம் கிடையாது. சில நிமிட நடைத் தூரத்தில் இரண்டு ஆலயங்கள்: ஒன்று பெர்னினியின் சந்த் ஆந்திரேயா, மற்றொன்று அவர் காலத்துக் கட்டடக் கலைஞரான போரோமினியின் சான் கார்லோ. சந்த் ஆந்திரேயாவில் நீள்வட்டம் குறுக்காகக் கிடக்கிறது; உள்ளே நுழைந்ததும் வண்ணச் சலவைக்கல்லும் பொன் பூச்சும் கண்ணைப் பீடத்தை நோக்கி இழுத்துப்போய் நிறுத்துகின்றன. அழகுதான், ஆனால் அங்கே என்ன பார்க்க வேண்டும் என்பதை பெர்னினியே தீர்மானித்துவிட்டார், நமக்கு வேலை எதுவும் வைக்கவில்லை என்று எனக்குப் பட்டது.

சான் கார்லோ மிகச் சிறிய கோயில். வறிய ஸ்பானியத் துறவிகளுக்காக 1638இல் போரோமினி இந்த வேலையைத் தொடங்கியபோது கூலி வாங்கவில்லை. முழுவதும் வெள்ளை; விலையுயர்ந்த கல் கண்ணில் படவில்லை. சுவர் ஓரிடத்தில் உள்ளே வாங்குகிறது, அடுத்த இடத்தில் வெளியே தள்ளுகிறது. அண்ணாந்து பார்த்தால் நீள்வட்டக் குவிமாடத்தில் எண்கோணங்களும் அறுகோணங்களும் சிலுவைகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே செல்கின்றன, அதனால் குவிமாடம் உண்மையில் இருப்பதை விட உயரமாகத் தெரிகிறது. பக்கத்திலிருக்கும் சிறு முற்றத்தைத் தவறவிடாதீர்கள். அங்கே மேல்தளக் கைப்பிடிச் சுவரின் குட்டித் தூண்களைக் கவனியுங்கள்: ஒன்றுக்குப் பருத்த பகுதி கீழே இருக்கும், அடுத்ததற்கு மேலே இருக்கும், இப்படியே மாறி மாறித் தலைகீழாக நிறுத்தியிருக்கிறார். செலவே இல்லாத ஒரு தந்திரம், ஆனால் அந்தக் கைப்பிடி முழுவதும் அசைவது போலிருக்கிறது. வெளியே வந்து முகப்பைப் பார்க்கத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். நடைபாதை மிகவும் குறுகியது, எதிர்ப்புறம் நின்று கழுத்தை உயர்த்தினால் ஸ்கூட்டர்கள் முழங்கையை உரசிக்கொண்டு பறக்கின்றன. முகப்பு முடிவதற்கு முன்பே, 1667இல், போரோமினி தன் வாளின் மீதே பாய்ந்து உயிரை விட்டார்.

இந்தப் போரோமினியைப் பற்றி 1979இல் நூல் எழுதியவர் ஆண்டனி பிளன்ட் என்ற ஆங்கிலேயர். அதே ஆண்டு நவம்பரில்தான் அவர் சோவியத் உளவாளியாக இருந்தவர் என்பதைப் பிரதமர் தாட்சர் நாடாளுமன்றத்தில் வெளிப்படுத்தினார். பரோக் கட்டடக்கலையைப் படிப்பவர்களின் வாழ்க்கை சலிப்பூட்டக்கூடியது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

செலவுக் கணக்குக்கு வருகிறேன். பரோக் ரோம் ஏறக்குறைய இலவசம். ஆலயங்களுக்குப் பெரும்பாலும் நுழைவுச் சீட்டு இல்லை. (பழங்கால ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு 2023இல் 5 யூரோ வாங்கத் தொடங்கினார்கள், ஆனால் அது பரோக் அல்ல.) ஆனால் பல ஆலயங்களில் ஓவியங்களும் சிற்பங்களும் இருட்டில் இருக்கின்றன, பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும், கண் பழகுவதற்குள் அணைந்துவிடும். வேறு யாராவது காசு போடட்டும் என்று எல்லோரும் தூணோரம் காத்து நிற்கும் காட்சி எரிச்சலையும் சிரிப்பையும் ஒருங்கே வரவழைத்தது. சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். தெருவோரக் குழாய்களில் வரும் நீர் குளிர்ந்தது, குடிக்கத் தக்கது, காசில்லாதது. காபியை நின்றுகொண்டே குடியுங்கள், உட்கார்ந்தால் விலை ஏறிவிடும்.

ஆனால் இந்தப் பயணத்தில் என்னை முழுமையாக வென்றது, பயணிகள் எவரும் எட்டிப்பார்க்காத சாந்தா மரியா இன் கம்பித்தெல்லி ஆலயம். 1656ஆம் ஆண்டுக் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்ததாக நம்பப்பட்ட மாதா படத்துக்காக கார்லோ ரைனால்தி கட்டியது. 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் யூதரான விட்கோவருக்கு, அப்போது அவர் பணியாற்றிய ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் இடமில்லாமல் போயிற்று. தந்தை இங்கிலாந்தில் பிறந்தவர் என்பதால் பிரிட்டிஷ் குடியுரிமை இருந்தது; லண்டனுக்குப் போனார், ஹாம்பர்க்கிலிருந்து அதே சூழலில் அங்கே இடம்பெயர்ந்திருந்த வார்பர்க் நூலகத்தில் 1934 முதல் பணியாற்றினார். அங்கிருந்தபடி 1937இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை, பெர்னினியின் நிழலில் மறைந்துகிடந்த இந்த ரைனால்தியைப் பற்றியது. ஆலயத்துக்குள் நுழைந்ததும் அந்தக் கட்டுரையின் காரணம் புரிகிறது. முதலில் அகன்ற ஒரு கூடம், அதைத் தாண்டி ஒடுங்கிய ஒரு பகுதி, அதற்கும் அப்பால் குவிமாடத்தின் ஒளி விழும் பீடம். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை விட்டு விலகி நிற்கும் பெருந்தூண்கள் பார்வையை அடுத்த இடத்துக்குக் கடத்துகின்றன. மேடையில் ஒன்றன் பின் ஒன்றாகத் திரை விலகுவதைப் போன்ற இந்த அமைப்பு வட இத்தாலிய மரபிலிருந்து ரோமுக்கு வந்தது என்பது விட்கோவரின் கருத்து. நாங்கள் இருந்த நேரம் முழுவதும் ஒரு மூதாட்டியும் ஒரு பணியாளரும் தவிர யாரும் இல்லை. இதைப் பார்க்காமல் திரேவி நீரூற்றில் வரிசையில் நிற்பவர்களை என்னால் மன்னிக்க முடியாது.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பழைய யூதக் குடியிருப்பு இருக்கிறது. ஏப்ரல் மாதம் ஆர்டிசோக் பருவம். முழுக் காயை இதழ் விரித்து எண்ணெயில் இருமுறை பொரித்துத் தட்டில் வைக்கிறார்கள்; வெளி இதழ்கள் நாவில் வைத்ததும் அப்பளம் போல நொறுங்குகின்றன, நடுத்தண்டு வெண்ணெயாகக் கரைகிறது, உப்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஒரு காய்க்கு அவர்கள் கேட்ட விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்த பின்பும் இரண்டாவது காய்க்குச் சொன்னேன். அன்றிரவு உணவு ரொட்டியும் தக்காளியும் மட்டுமே.

வெள்ளிக்கிழமை பேருந்து வேலைநிறுத்தம். ஓடிய ஒன்றிரண்டு வண்டிகளில் ஏறிய ஒருவர் தன் கைப்பேசியை இழந்து கதறியதைப் பார்த்ததும், தூய பேதுரு சதுக்கத்துக்கு நடந்தே போவது என்று முடிவு செய்தோம். பெர்னினியின் 284 தூண்களும் நான்கு வரிசையாக வளைந்து நிற்கின்றன. தரையில் பதித்த வட்டக்கல்லின் மீது நின்றால் பின்வரிசைகள் எல்லாம் முன்வரிசைக்குள் மறைந்து, ஒரே வரிசையாகிவிடுகின்றன. ஓரடி தள்ளி நின்றால் மீண்டும் காடு. ஆனால் சதுக்கத்தை நோக்கி நீளும் அகன்ற சாலையை நான் வெறுக்கிறேன். முசோலினியின் ஆட்சியில் 1936இல் வீடுகளை இடிக்கத் தொடங்கித் திறக்கப்பட்ட வழி அது. அதற்கு முன் இருண்ட சந்துகளிலிருந்து திடீரென்று வெளிப்பட்டு இந்த வெளியைக் காண்பதுதான் வழக்கம். 1933க்கு முன் இங்கே வாழ்ந்த விட்கோவருக்கு அது கிடைத்தது. பெர்னினி திட்டமிட்டுக் கட்டப்படாமலே போன மூன்றாவது தூண் மண்டபம், பெர்னினியை எதிர்த்தவர்கள் வரைந்து சமர்ப்பித்த மாற்றுத் திட்டம் ஆகியவற்றைப் பற்றி விட்கோவர் எழுதியதைப் படித்த பிறகு, இன்றைய சாலை இரட்டிப்பாக உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலைக்கென்று வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். போரோமினியின் சந்த் ஈவோ ஆலயம் அந்தச் சில மணி நேரம்தான் பொதுவாகத் திறந்திருக்கும், நண்பகலில் அடைத்துவிடுவார்கள். இரண்டு முக்கோணங்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த அறுமுனை வடிவம், தரையில் தொடங்கிய அதே வளைவுகளோடு இடைமுறிவின்றிக் குவிமாடத்தின் உச்சி வரை ஏறிப்போகிறது. மேலே சுருள் கோபுரம். பாதிரியார் பேசிக்கொண்டிருக்க, நான் தலையைத் தாழ்த்தவே இல்லை.

1956இல் விட்கோவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய், 1969 வரை கலை வரலாற்றுத் துறைக்குத் தலைமை தாங்கினார். 1971இல் அந்த நகரிலேயே இறந்தார். அவருடைய பெருநூலில் ரோமுக்கு அடுத்து என்னை இழுப்பது பியட்மாண்ட் பகுதியின் கட்டடக்கலை பற்றிய அத்தியாயம்: டூரினில் கட்டடக் கலைஞர் குவாரினி கட்டிய சான் லொரென்ஸோ ஆலயம், இயேசுவின் உடலைச் சுற்றியதாக நம்பப்படும் புனிதத் துணிக்காகக் கட்டப்பட்டு, 1997இல் தீப்பற்றி 2018இல் மீண்டும் திறக்கப்பட்ட சிற்றாலயம். ரோமிலிருந்து டூரினுக்கு அதிவேக ரயில் இருக்கிறது; முன்கூட்டியே பதிவு செய்தால் பாதி விலைக்கும் குறைவாகச் சீட்டுக் கிடைக்கும். டாக்சிக்காரர் பறித்துக்கொண்ட பத்து யூரோ அந்தக் கணக்கில் இப்போதும் குறைகிறது.