டெலோமரேஸ் தளமும் அண்ணனின் ரிப்போர்ட்டும்

ஜூன் 3
பெங்களூரு மத்திகெரேயில் மழை, கரண்ட் இல்லை. யுபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது. குரோமோசோம் முனைகளை நீட்டும் நொதியான டெலோமரேஸ் பற்றிய தகவல் தளத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். கண்டுபிடித்த ஆண்டு என்ற கட்டத்தில் ஒரே எண்தான் போட முடியும். கரோல் கிரைடர் எக்ஸ்ரே ஃபிலிமில் டிஎன்ஏவின் ஆறெழுத்துக்கு ஒரு படியாக, நொதி வேலை செய்ததைக் காட்டும் ஏணியைப் பார்த்தது 1984 கிறிஸ்துமஸ் அன்று, எலிசபெத் பிளாக்பர்னோடு கட்டுரை வந்தது 1985. ஏணிக்கே ஓட்டு, 1984.

ஜூன் 5
அண்ணன் ஈரோட்டில் ஜீன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டான்.

ஜூன் 9
டெலோமரேஸுக்குள் இருக்கும் ஆர்என்ஏ, டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரியில் 159 எழுத்து, மனிதனில் 451, ஈஸ்டில் ஆயிரத்துக்கும் மேல். மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கச் சொல்கிறார் சார். எழுத்தை வைத்து அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது, மடிப்பை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும், அதனால் ஒவ்வொரு மடிப்பையும் உட்கார்ந்து வரைகிறேன். பழ ஈ வரிசை காலியாக இருக்கிறதே, பிழையா என்று புரோகிராமர் பையன் கேட்டான். அதனிடம் அந்த நொதியே இல்லையப்பா, தாவும் ஜீன்கள் குரோமோசோம் முனையில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை ஓட்டுகின்றன. கட்டாயக் கட்டம் என்பதை எடுத்துவிடச் சொன்னேன், முறைத்தான்.

ஜூன் 13
"மாடி ஏறுனா மூச்சு வாங்குது அம்மிணி" என்றான் அண்ணன். அப்பாவும் இதையேதான் சொல்வார். தறிப் பஞ்சு நுரையீரலை அடைத்துவிட்டது என்றுதான் ஊரில் எல்லாரும் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். ஆனால் அண்ணன் தறிப் பக்கமே போனதில்லை. காலேஜ் முடிப்பதற்குள் அவனுக்குத் தலை நரைத்திருந்தது, அப்பாவைப் போலவே.

ஜூன் 14
தூக்கம் வரவில்லை. டெர்ட், டெலோமரேஸின் புரதப் பகுதி, 1132 அமினோ அமிலம். மாற்றம், நோய், நொதியின் செயல்திறன் என்று இன்று முழுக்க நிரப்பினேன். நுரையீரல் தழும்பு, நுரையீரல் தழும்பு, எலும்பு மஜ்ஜை, மறுபடி நுரையீரல். ஜீனின் ஒரு பிரதி கெட்டாலே போதும், மற்றது நன்றாக இருந்தும் பற்றாது. குட்டையான குரோமோசோம் முனைகளும் சேர்ந்தே பிள்ளைக்குப் போவதால் சில குடும்பங்களில் தலைமுறைக்குத் தலைமுறை நோய் முன்கூட்டியே வருகிறது. அண்ணன் மகள் ஆறாவது படிக்கிறாள்.

ஜூன் 20
ரிப்போர்ட் வரவில்லை.

ஜூன் 26
வந்துவிட்டது. டெர்ட்டில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, நோய்க்குக் காரணமா என்பது உறுதியில்லையாம். நம் தளத்திலேயே தேடினேன், அந்த மாற்றம் இல்லை. பக்கத்து இடத்தில் ஒன்று இருக்கிறது, செயல்திறன் கட்டத்தில் நானே போட்ட ஒரு கோடு, யாரும் அளந்து பார்த்ததில்லை என்பதற்கு. அண்ணன் கேட்டான், "உன்ற கம்ப்யூட்டர்ல இருக்குதா?" இல்லண்ணா என்றேன். "அப்ப நல்லதுதானே?"

ஜூன் 27
அண்ணி போன் செய்தார். பாப்பாவுக்கும் எடுக்கணுமா என்று கேட்கிறார். சாயங்காலம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.