‘பிற’ என்றொரு வரி

“அப்போ நாங்க ‘பிற’தானா?”

எங்கள் ஆய்வின் முடிவுகளை ஒரு நிறுவனத்தின் தொழிலாளர்களிடம் சொல்லும் கூட்டத்தில், அட்டவணையின் கடைசி வரியில் விரலை வைத்தபடி பராமரிப்புப் பிரிவுக்காரர் ஒருவர் கேட்டார். “உங்க பாதுகாப்புக்காகத்தாங்க அப்படிச் சேர்த்தோம்” என்றோம். அதில் பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டது பாதுகாப்பைப் பற்றி இல்லை என்பது அப்போதே புரிந்தது.

நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, ஒரே வினாத்தாளைப் பல நிறுவனங்களில் கொடுத்து நடத்திய ஆய்வு. அந்த நிறுவனத்தில் எழுதித் தந்தவர்கள் 212 பேர். ஐந்து பிரிவுகளில் முறையே 71, 58, 49, 27, 7. பராமரிப்பில் இருப்பதே 9 பேர்தான். அதில் 7 பேர் எழுதினார்கள். ‘குறையைச் சொன்னால் பழிவாங்குவார்கள் என்ற பயம் உண்டா?’ என்ற கேள்விக்கு அந்த 7 பேரில் 6 பேர் ‘ஆம்’ என்றிருந்தார்கள். பத்துப் பேருக்குக் குறைவான பிரிவின் முடிவைத் தனியாகக் காட்ட மாட்டோம் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தோம்.

அந்த வரியை மட்டும் காலியாக விட்டிருக்கலாமே என்று தோன்றும். அது மறைப்பே இல்லை. நிறுவனம் முழுவதிலும் ‘ஆம்’ 83. மற்ற நான்கு பிரிவுகளில் 24, 22, 19, 12, கூட்டினால் 77. மிச்சம் 6. காகித ஓரத்தில் பென்சிலால் போடக்கூடிய கணக்கு. ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி கேட்கும் கேள்விகளில், சராசரியை ஒரு தசமத்துக்குச் சுருக்கிக் கொடுத்தால் இந்தக் கழித்தல் இவ்வளவு துல்லியமாக வராது. 212 பேரின் சராசரி 0.05 பிசகினால், அதிலிருந்து கழித்தெடுக்கும் 7 பேரின் சராசரி 1.5 புள்ளி பிசகும். ஐந்து புள்ளி அளவுகோலில் அது எதற்கும் உதவாது. ஆனால் ஆம்/இல்லைக் கேள்விகளுக்கு எண்ணிக்கையையே தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். எனவே இன்னொரு பிரிவையும் மறைத்தாக வேண்டும், அல்லது இரண்டையும் சேர்த்தாக வேண்டும். அடுத்த சிறிய பிரிவு கிடங்கு, 27 பேர். ‘பிற’ என்று ஒரே வரியாகச் சேர்த்ததும் 34 பேருக்கு 18 ‘ஆம்’, அதாவது 53 சதவீதம். பராமரிப்பின் 86 சதவீதம் அதற்குள் கரைந்தது.

செய்தது சரி என்றுதான் இன்றும் முதலில் தோன்றுகிறது. பெயர் இல்லாத எண் யாரையும் காட்டிக்கொடுக்காது என்பவர்கள் உண்டு. 7 பேரில் 6 பேர் என்ற பிறகு பெயர் எதற்கு? ஒன்பது பேரையும் தினமும் பார்க்கும் சூப்பர்வைசரிடம் அந்த எண் போனால் அவர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார். அமெரிக்காவின் ஹாதோர்ன் ஆலையில் 1927ல் தொடங்கிய ரிலே பொருத்தும் அறைச் சோதனையில், ஒரே மேசையில் வேலை செய்த ஐந்து பெண்களில் இருவரை 1928 ஜனவரியில் மாற்றினார்கள். அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்பது புகார். சிறிய குழுவை உற்றுப் பார்த்தால் அங்கே சொல்லும் ஒவ்வொன்றும் ஆள்மேல் போய் ஒட்டிக்கொள்ளும்.

எண்களோடு இந்தச் சிக்கல் முடிவதில்லை. வினாத்தாளின் கடைசியில் ‘வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்’ என்று நான்கு கோடு இடம் இருந்தது. ஒருவர், “மூணாம் நம்பர் மோட்டாரைப் பத்தி எழுதிக் கொடுத்தும் ஒண்ணும் ஆகலை” என்று எழுதியிருந்தார். பெயர் இல்லை, கையெழுத்தையும் தட்டச்சில் மாற்றியாயிற்று. ஆனால் அந்த மோட்டாரைப் பற்றி எழுதிக் கொடுத்தவர் யாரென்று நிர்வாகத்துக்குத் தெரியாதா? ‘பழுது குறித்த புகார்கள் கவனிக்கப்படவில்லை’ என்று மாற்றி எழுதினோம். ஆள் தப்பினார். மோட்டாரும் வாக்கியத்திலிருந்து போய்விட்டது.

இங்கேதான் மனம் மறுபக்கம் சாய்கிறது. பத்து என்ற வரம்பு எல்லோருக்கும் பொதுவானதுபோலத் தெரியும். ஆனால் பத்துப் பேருக்குக் குறைவான பிரிவு எது என்று பாருங்கள்: இரவு ஷிப்ட் பராமரிப்பு, துப்புரவு, காவல், ஒப்பந்தத்தில் வந்த நாலைந்து பேர். ஒரே மேலாளரின் கீழ், வேறு யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் இருப்பவர்கள். பயத்துக்கு அதிகக் காரணம் இருக்கும் இடங்களையே இந்த விதி திரும்பத் திரும்ப மறைக்கிறது. 53 சதவீதத்தைப் பார்த்த நிர்வாகம் எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவாக ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பராமரிப்பில் என்ன நடக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் சொன்னால் அது உண்மைதான். தெரியாமல் பார்த்துக்கொண்டவர்கள் நாங்கள்.

பிரிட்டனில் 1980 முதல் 2011 வரை ஆறு முறை நடந்த பணியிட உறவுகள் ஆய்வில், 1998 முதல் ஒரு பணியிடத்தில் அதிகபட்சம் 25 ஊழியர்களிடம் வினாத்தாள் கொடுத்தார்கள். நாடு முழுவதற்குமான போக்கைச் சொல்லும் அந்த வகை ஆய்வுக்கு இந்தச் சங்கடம் குறைவு. முடிவை அதே வாசலுக்கே திருப்பிக் கொண்டுவருகிறோம் என்று வாக்குக் கொடுக்கும் ஆய்வுக்குத்தான் இது கழுத்தைப் பிடிக்கிறது.

பல பல்கலைக்கழகங்கள் இணைந்திருப்பதன் பயன் இங்கே வரவேண்டும். நான்கு நிறுவனங்களின் பராமரிப்புப் பிரிவுகளைச் சேர்த்தால் 7, 9, 6, 11 என்று 33 பேர். தனி வரியாகவே காட்டலாம். சேர்க்கப் போனபோது ஒரு குழு ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பராமரிப்பில் எண்ணியிருந்தது, இன்னொன்று விட்டிருந்தது. ஒரு குழுவின் கோப்பில் 1 என்றால் ‘முழுக்க ஏற்கிறேன்’, மற்றவற்றில் 5. அளவுகோல் தலைகீழாக இருப்பது கணினிக்குத் தெரியாது; அது பாட்டுக்குச் சராசரி போட்டுத் தரும். வினாத்தாள் அச்சுக்குப் போகும் முன்பே குறியீட்டுப் பட்டியல் ஒன்றில் நால்வரும் கையொப்பமிட்டிருந்தால் மூன்று வார வேலை மிச்சம். கடைசியில் வரி கிடைத்தது. ஆனால் அதைப் படிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் ‘மற்ற மூன்றில்தான் பிரச்சினை’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த சுற்றுக்கான ஒப்புதல் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தோம்: ‘உங்கள் பிரிவு பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால், முடிவைத் தனியாகக் காட்டலாமா?’ எழுதுகிற எல்லோரும் சம்மதித்தால்தான் காட்ட முடியும். ஒருவர் மறுத்து, மற்றவர்களுடையதை மட்டும் காட்டினாலும், மொத்தத்திலிருந்து கழித்து அவர் பதிலைக் கண்டுபிடித்துவிடலாம். பராமரிப்பில் இம்முறை 8 பேர் எழுதினார்கள். ஏழு பேர் ‘காட்டலாம்’, ஒருவர் ‘வேண்டாம்’. அவர் யாரென்று நாங்கள் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை. கேட்கும் உரிமை எங்களுக்கு இல்லை. மற்ற ஏழு பேரிடம் என்ன பதில் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

கடைசி வரியின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறோம். ‘பிற’ இல்லை; ‘பராமரிப்பும் கிடங்கும்’.