37 ஹோம் ரன்களை எப்படி எடை போடுவது: 2024 டிராஃப்ட் நாட்குறிப்பு

ஜூன் 5, புதன்

டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணி ஸ்பென்சர் டார்கெல்சனை டொலிடோவுக்கு இறக்கிவிட்டது. டொலிடோ என்றால் டிரிபிள்-ஏ, மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே. மேஜர் லீக் அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுப்பதுதான் டிராஃப்ட்; 2020இல் அதில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதலாண்டிலேயே 25 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்தவர். அதே கல்லூரியில், பின்னாளில் மேஜர் லீகின் ஹோம் ரன் சாதனையாளரான பாரி பாண்ட்ஸ் தன் முதலாண்டில் அடித்தது 11. போன வருடம் டெட்ராய்ட்டுக்காக 31 அடித்தார். இந்த வருடம் இதுவரை வெறும் நான்கு.

அலுவலகத்தில் ஒரு டெட்ராய்ட்காரர் இருக்கிறார். காலையிலிருந்து முகமே சரியில்லை. "காலேஜ் ஹோம் ரன்னை இனி நம்பவே மாட்டேன்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. என் மேசை மேல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சார்லி காண்டனைப் பற்றிய குறிப்புகள் கிடந்தன.

இந்த வருட டிராஃப்டில் எல்லோரும் பேசும் பெயர் காண்டன். ஆறடி ஆறங்குலம், வலது கை ஆட்டக்காரர். ஜார்ஜியாவின் மாரியேட்டாவில் வளர்ந்தவர். உதவித்தொகை இல்லாமல்தான் அணியில் சேர்ந்தார். 2022 முழுக்க ஒரு ஆட்டம்கூட ஆடாமல் உட்கார்ந்திருந்தார். 2023இல் களமிறங்கி 25 ஹோம் ரன், .386 சராசரி. பள்ளிப் பருவத்தில் எந்தப் பெரிய பட்டியலிலும் முன்னால் இல்லாத ஒருவர் இரண்டே வருடத்தில் இந்த இடத்துக்கு வந்திருக்கிறார். இது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதுதான் பிரச்சினையும்: கதை நன்றாக இருந்தால் கண் தளர்ந்துபோகும்.

ஜூன் 11, செவ்வாய்

ஜார்ஜியாவின் சீசன் நேற்றோடு முடிந்தது. ஏதென்ஸில் சொந்த மைதானத்திலேயே நார்த் கரோலினா ஸ்டேட்டிடம் மூன்றாவது ஆட்டத்தில் 8-5. கல்லூரி உலகத் தொடர் நடக்கும் ஓமஹாவுக்குப் போகும் கனவு அவ்வளவுதான்.

காண்டனின் இறுதிக் கணக்கு: 37 ஹோம் ரன், சராசரி .433. கிரிக்கெட் பழகியவர்களுக்காக: பேஸ்பாலில் பத்து முறை முயன்று மூன்று முறை ஹிட் எடுத்தாலே நல்ல ஆட்டக்காரர். இவர் நான்கைத் தாண்டியிருக்கிறார். ஸ்லக்கிங் 1.009. அதாவது, அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவதையெல்லாம் கழித்துவிட்டு, ஒவ்வொரு முயற்சிக்கும் சராசரியாக ஒரு பேஸுக்கு மேல்.

37 என்பது எவ்வளவு பெரிது? எல்லாக் காலத்துக்குமான கல்லூரிச் சாதனை 48. 1985இல் ஓக்லஹோமா ஸ்டேட்டின் பீட் இன்கவீலியா அடித்தது. ஆனால் அது துள்ளும் அலுமினிய பேட்களின் காலம். 2011இல் பிபிகார் என்ற விதி வந்து பேட்களின் துள்ளலுக்கு உச்சவரம்பு போட்டது. அதற்குப் பிறகு 2013இல் சான் டியேகோ பல்கலைக்கழகத்தின் கிரிஸ் பிரையன்ட் 31, 2022இல் டெக்சஸின் இவான் மெலெண்டஸ் 32, போன வருடம் ஃபுளோரிடாவின் ஜாக் கேக்லியோன் 33. இப்போது ஒரே தாவலில் 37.

இந்த வரிசையில் பிரையன்டையும் மெலெண்டஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பேருமே அந்தந்த வருடத்தின் கோல்டன் ஸ்பைக்ஸ் விருது வாங்கியவர்கள், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குக் கொடுப்பது. பிரையன்டை சிகாகோ கப்ஸ் இரண்டாவது ஆளாக எடுத்தது. 2015இல் சிறந்த புதுமுகம், 2016இல் எம்விபி (லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது), அதே வருடம் உலகத் தொடர் கோப்பை. மெலெண்டஸ் ஒரு ஹோம் ரன் அதிகமாக அடித்தும் 43ஆம் இடத்தில்தான் எடுக்கப்பட்டார். இன்னும் மைனர் லீகில்தான் இருக்கிறார். அங்கேயும் ஹோம் ரன் வருகிறது. கூடவே ஸ்டிரைக்-அவுட்டும் (மூன்று ஸ்டிரைக்கில் ஆட்டமிழப்பது) கொத்துக் கொத்தாக வருகிறது.

ஆக, அணிகளுக்காக ஆள் தேடும் ஸ்கவுட்கள் ஹோம் ரன்னை எண்ணிப் பட்டியல் போடுவதில்லை. வேறு எதை எண்ணுகிறார்கள்?

ஜூன் 15, சனி

தம்பி ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்டான்: "இவ்வளவு அடிக்கிறான்ல, அப்புறம் என்னண்ணே யோசனை?"

டென்னிஸ் பால் டோர்னமென்ட்டில் சிக்ஸர் அடித்துக் கப் வாங்கும் பையனை நினைத்துக்கொள் என்றேன். அவனை ஸ்டிட்ச் பாலுக்கு எடுப்பதற்கு முன்னால் எத்தனை சிக்ஸர் என்றா கேட்பாய்? எகிறும் பந்துக்கு என்ன செய்கிறான், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போவதை விடுகிறானா என்றுதானே பார்ப்பாய்? அவனுக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

கல்லூரியில் அடிப்பது உலோக பேட். தொழில்முறையில் மரம். பிபிகார் வந்த பிறகு பந்து பறக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, நடுவில் சரியாகப் பட்டால். நடுவில் படாதபோதுதான் விஷயமே. உடம்பை ஒட்டி உள்ளே வரும் ஃபாஸ்ட்பால் கைப்பிடிக்குப் பக்கத்தில் பட்டால் உலோக பேட்டில் அது உள்வட்டத்தைத் தாண்டி ஒரு ஹிட்டாக விழக்கூடும். மர பேட்டில் பேட் உடைந்து பந்து தரையில் உருளும். அதனால் ஹோம் ரன் ரீல்களைப் பார்ப்பதைவிட மோசமான தொடர்பில் விழுந்த ஹிட்களைப் பார்ப்பது பயன். யாரும் அவற்றைத் தொகுத்துப் போடுவதில்லை என்பதுதான் கஷ்டம். முழு ஆட்டமாக உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பந்துக்கும் ஒரு பங்கு உண்டு. 2015இலிருந்து கல்லூரிகள் தையல் தாழ்ந்த பந்துக்கு மாறின. காற்று குறைவாகப் பிடிக்கும், தூரம் கூடும். ஆட்ட அட்டவணையும் கவனிக்க வேண்டியது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் சொந்தக் கான்ஃபரன்ஸ் (ஒரே பிரிவுக் கல்லூரிகள்) எதிரிகள், நல்ல பிட்ச்சர்கள், அதாவது பந்து வீசுகிறவர்கள். செவ்வாய், புதனில் வருகிறவர்கள் பெரும்பாலும் அணியின் ஐந்தாவது ஆறாவது பிட்ச்சர்கள். ஒரு ஹிட்டரின் கணக்கைப் பார்த்தால் முதலில் வெள்ளிக்கிழமையைத் தனியாகப் பிரி. காண்டன் ஆடுவது எஸ்இசி என்ற தென்கிழக்குக் கல்லூரிகளின் கான்ஃபரன்ஸில். அங்கே வெள்ளிக்கிழமை வருகிறவன் சாதாரணமாக மணிக்கு 95 மைல் வேகத்தில் போடுவான். இந்தச் சோதனையில் காண்டன் தேறுகிறார்.

ஜூன் 20, வியாழன்

ஓமஹாவில் ஃபுளோரிடா வெளியேறிவிட்டது. போவதற்கு முன்னால் கேக்லியோன் தன் 75ஆவது கல்லூரி ஹோம் ரன்னை அடித்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் சாதனையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். பழைய சாதனை 74, மேட் லபோர்ட்டாவுடையது. லபோர்ட்டா யார் என்று இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? 2007 டிராஃப்டில் மில்வாக்கி ஏழாவதாக எடுத்தது. அடுத்த வருடமே சிசி சபாதியாவை வாங்குவதற்குக் கொடுத்த ஆட்களில் முக்கியமானவர் அவர்தான். மேஜர் லீகில் மொத்தம் 31 ஹோம் ரன். அத்தோடு சரி.

கேக்லியோனிடம் எனக்குப் பயம் வேறு மாதிரி. ஸ்டிரைக்-அவுட் ஆவதே அபூர்வம், இந்த வருடம் 35 ஹோம் ரன், தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களில் ஹோம் ரன். கூடவே இடது கையால் பந்தும் வீசுகிறார். ஆனால் எட்டுகிற பந்தையெல்லாம் அடிக்கப் பார்க்கிறார். தரைக்கு வரும் பந்தையும் தொட்டுவிடும் கைத்திறன் கல்லூரியில் வரம். மேலே போனால் அதே திறன் பலவீனமான அடியாக மாறும், ஏனென்றால் அங்கே பிட்ச்சர்களுக்கு ஸ்டிரைக், அதாவது அடிக்கத்தக்க பந்து, போடவே தேவையிருக்காது.

நேர் எதிர்த்துருவம் வேக் ஃபாரஸ்டின் நிக் கர்ட்ஸ். ஹோம் ரன் 22தான், சராசரி .306தான். ஆனால் 54 ஆட்டத்தில் 78 வாக். நான்கு தப்பான பந்துகளை விட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்து போவதுதான் வாக். கைதட்டல் கிடைக்காத வேலை. பார்வையாளர்கள் அப்போதுதான் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போவார்கள்.

காண்டன் இந்த இருவருக்கும் நடுவில். ஸ்டிரைக்-அவுட்டைவிட வாக் அதிகம், நல்ல அறிகுறி. ஆனால் 37 அடிக்கும் ஆளுக்கு யாரும் நேராகப் பந்து போட மாட்டார்கள், அந்த வாக் எண்ணிக்கையில் ஒரு பங்கு பயத்தின் பரிசு. அவர் சம்பாதித்தது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று பிரிக்கத்தான் ஒவ்வொரு பந்தாகப் பார்க்க வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

கோல்டன் ஸ்பைக்ஸ் காண்டனுக்கே. எதிர்பார்த்ததுதான்.

ஜூலை 4, வியாழன்

விடுமுறை. என் மதிப்பெண் தாளை நிரப்பினேன். ஸ்கவுட்கள் 20 முதல் 80 வரை போடுவார்கள், 50 என்றால் மேஜர் லீக் சராசரி. காண்டனுக்கு: பலம் 70. அடிக்கும் திறன் 55. ஓட்டம் 45. எறிதல் 55. களத்தடுப்பு, எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவாகட்டும்.

அடிக்கும் திறனுக்கு 60 போட பேனா போயிற்று, நிறுத்திக்கொண்டேன். ஆறடி ஆறங்குலம் என்றால் ஸ்டிரைக் மண்டலமே (பந்து வந்தால் ஸ்டிரைக் ஆகும் இடம்) நீளம். கை நீளம், அதனால் பேட் வளைந்து வரவேண்டிய வழியும் நீளம். உள்ளே வரும் 97 மைலுக்குத் தயாராக இருந்தால் வெளியே விலகி இறங்கும் ஸ்லைடர் என்ற பந்தில் ஏமாறுவான். ஸ்லைடருக்குக் காத்திருந்தால் 97 தாண்டிப் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் முடிவெடுக்க இருப்பது அரை வினாடிக்கும் குறைவு. நான் பார்த்த ஆட்டங்களில் காண்டன் தப்பு செய்த பந்துகள் பெரும்பாலும் அந்த வெளி ஸ்லைடர்தான். 55 நியாயமான மதிப்பெண்.

இன்கவீலியா ஞாபகம் வருகிறார். 48 அடித்த கையோடு மாண்ட்ரியால் எக்ஸ்போஸ் எட்டாவதாக எடுத்தபோது, மைனர் லீகுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்து, டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு மாற்றிவிடப்பட்டு, 1986இல் நேரே மேஜர் லீகில் இறங்கினார். 30 ஹோம் ரன், 185 ஸ்டிரைக்-அவுட். டிராஃப்டில் எடுத்தவரை ஒரு வருடத்துக்கு விற்கக்கூடாது என்ற விதியே அவரால் வந்ததுதான். பேச்சில் அவரைத் தோல்வியாகச் சொல்கிறவர்கள் உண்டு. மேஜர் லீகில் 206 ஹோம் ரன் அடித்தவர் தோல்வியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 48ஐ வைத்து அவரை அளந்ததுதான் தப்பு.

ஜூலை 10, புதன்

இடம் பற்றி. காண்டன் மூன்றாம் பேஸ், முதல் பேஸ், அவுட்ஃபீல்ட் எல்லாம் ஆடியிருக்கிறார். கடைசியில் முதல் பேஸுக்குத் தள்ளப்பட்டால் மதிப்பு சட்டென்று குறையும். வலது கையால் எறிந்து வலது பக்கம் நின்று அடிக்கும் முதல் பேஸ் ஆள் என்றால் அணிகள் முகம் சுளிக்கும், ஏனென்றால் அங்கே அடித்தே தீர வேண்டும், வேறு எந்த விதத்திலும் சோறு போட முடியாது. டார்கெல்சன் அந்த வகை. 2018 கோல்டன் ஸ்பைக்ஸ் வென்ற ஆண்ட்ரூ வானும் அந்த வகை.

பணக் கணக்கையும் மறக்கக்கூடாது. முதல் இடத்துக்கு லீக் ஒதுக்கிய மதிப்பு சுமார் 1.06 கோடி டாலர். முதலில் எடுக்கும் உரிமை உள்ள கிளீவ்லாண்ட் அதை முழுசாகக் கொடுக்க வேண்டியதில்லை. கொஞ்சம் குறைத்துப் பேசி மிச்சத்தைப் பின்னால் வரும் சுற்றுகளில் செலவழிக்கலாம். அதனால் ‘முதலில் எடுக்கப்பட்டவர்தான் சிறந்தவர்’ என்று கொள்ள முடியாது.

ஜூலை 14, ஞாயிறு, நள்ளிரவு

ஃபோர்ட் வொர்த்தில் டிராஃப்ட். கிளீவ்லாண்ட் ஆரெகன் ஸ்டேட்டின் டிராவிஸ் பஸானாவை எடுத்தது, முதலிடம் பிடித்த முதல் ஆஸ்திரேலியர். சின்சினாட்டி பிட்ச்சர் சேஸ் பர்ன்ஸை எடுத்தது. மூன்றாவது, கொலராடோ ராக்கீஸ்: சார்லி காண்டன். நான்காவது கர்ட்ஸ், ஓக்லண்டுக்கு. கேக்லியோன் ஆறாவது, கான்சஸ் சிட்டிக்கு.

கொலராடோ என்றதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். டென்வர் கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம். மெல்லிய காற்று, பந்து தூரம் போகும், வளையும் பந்து வளையாது. இவ்வளவு நாளும் ஹோம் ரன் எண்ணிக்கையிலிருந்து மனிதனைப் பிரித்தெடுக்கப் பாடுபட்டேன். அவரைக் கொண்டுபோய் எண்ணிக்கைக்கே மரியாதை இல்லாத ஊரில் விட்டுவிட்டார்கள்! போதாததற்குப் பிரையன்டும் அங்கேதான் இருக்கிறார், ஏழு வருடம் 18.2 கோடி டாலர் ஒப்பந்தத்தில், பாதி நாள் காயத்தோடு.

ஜூலை 22, திங்கள்

நேற்று கூப்பர்ஸ்டவுனில் டாட் ஹெல்டனுக்கு ஹால் ஆஃப் ஃபேம் விழா, பேஸ்பாலின் பெரும் ஆட்டக்காரர்களை வாக்கெடுத்துச் சேர்க்கும் அரங்கம். அவரும் எஸ்இசி கல்லூரி ஹிட்டர்தான், டென்னசி. 1995இல் ராக்கீஸ் எட்டாவதாக எடுத்தது. வாழ்நாள் முழுக்க ஒரே அணி, 369 ஹோம் ரன். டென்வரில் சராசரி .345, வெளியூரில் .287. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அவரை ஆறாவது வாக்கெடுப்பு வரை காக்க வைத்தது. .287 எடுக்கும் முதல் பேஸ் ஆளை எந்த ஊரிலும் துரத்த மாட்டார்கள், அதை யார் கேட்டார்கள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஒப்பந்தக் கெடு நேற்று முடிந்தது. காண்டனுக்கு 92.5 லட்சம் டாலர். பர்ன்ஸுக்கும் அதே தொகை. இதுவரை டிராஃப்டில் யாருக்கும் கொடுக்கப்படாத போனஸ். முதலிடத்து பஸானாவுக்கு 89.5 லட்சம். காரணம் என் ஜூலை 10 குறிப்பில் இருக்கிறது.

செப்டம்பர் 10, செவ்வாய்

ராக்கீஸின் கீழ் அணியான ஸ்போக்கேனின் வழக்கமான சீசன் முடிந்தது. மேஜர் லீகுக்கு மூன்று படி கீழான ஹை-ஏ மட்டத்தில் மர பேட்டோடு காண்டன்: 25 ஆட்டம், சராசரி .180, ஒரு ஹோம் ரன். கர்ட்ஸ் ஓக்லண்டின் கீழ் அணிகளில் 12 ஆட்டமே ஆடி, அதற்கும் ஒரு படி மேலான டபுள்-ஏவைத் தொட்டுவிட்டார்.

டெட்ராய்ட்காரர் இதைக் கையோடு அச்செடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். 25 ஆட்டத்தை வைத்து நான் மதிப்பெண்ணைத் திருத்தப் போவதில்லை. பிப்ரவரியிலிருந்து ஆடிக் களைத்த உடம்பு அது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை: வெளி ஸ்லைடரை விடுகிறாரா, உள்ளே வரும் வேகத்தில் பேட் உடைகிறதா.

ராக்கீஸின் டிரிபிள்-ஏ அணி இருக்கும் ஆல்புகெர்க்கியும் கிட்டத்தட்ட டென்வர் உயரம்தான், அங்கே அவர் அடிப்பதை நான் எண்ணப் போவதில்லை. அதற்கு முந்தின படி ஹார்ட்ஃபோர்ட், கனெக்டிகட், ஏறக்குறைய கடல்மட்டம். அங்கே ஐம்பது ஆட்டம் ஆடட்டும். அதற்குப் பிறகு 55ஐ ஏற்றுவதா இறக்குவதா என்று பேசலாம்.