1,230 பவுண் பாக்கியும் பத்து நிமிட வழக்கும்

2025 மார்ச் மாதம் வாடகைப் பாக்கி வழக்குக்காகக் கவுன்டி கோர்ட்டுக்குப் போய்வந்த நாளிலிருந்து கதவடியில் கடிதம் விழும் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. வீடு தப்பிவிட்டது. ஆனால் பட்ட பாட்டில் பாதி தேவையே இல்லாதது என்று தெரிந்த பிறகு ஆத்திரம்தான் கூடுகிறது. லண்டனில் கவுன்சில் வீட்டில் இருக்கும் எங்கள் சனத்துக்காக இதை எழுதுகிறேன். ஸ்கொட்லாந்தில் நடைமுறை வேறு.

நாங்கள் வாடகை கட்டாமல் ஏமாற்றிய ஆக்கள் இல்லை. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து நாலு வருடம். நான் விடியக் காலையில் பள்ளிக்கூடம் துப்புரவாக்கும் வேலைக்குப் போகிறேன், மிச்சத்துக்கு யூனிவர்சல் கிரெடிட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவிக் காசு. கிழமை வாடகை 130 பவுண், வங்கியிலிருந்து தானாகவே போக ஸ்டாண்டிங் ஓர்டர் போட்டிருந்தேன். 2024 ஏப்ரலில் வாடகை 7.7 வீதம் கூடி 140 ஆனது. கடிதம் வந்தது. கவுன்சிலே யூனிவர்சல் கிரெடிட்டுக்கு அறிவித்துவிடும் என்று நினைத்துவிட்டேன். அப்படி இல்லை. இணையத்தில் இருக்கும் யூனிவர்சல் கிரெடிட் கணக்கின் ஜேர்னலுக்குள் போய் நாங்கள்தான் புது வாடகையைப் பதியவேண்டும். பதியாவிட்டால் பழைய வாடகைக்குத்தான் காசு வரும். மாதம் 43 பவுண் அப்படியே குறைந்துகொண்டு போனது.

ஜூலையில் மூத்தவனுக்கு 21 வயது முடிந்தது. அந்த மாதத்திலிருந்து வாடகைக்கு வரும் காசில் 91 பவுண் 47 பென்ஸ் வெட்டினார்கள். வளர்ந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அவன் தன் பங்கைக் கட்டவேண்டுமாம். அவன் சுப்பர்மார்க்கெட்டில் பகுதிநேர வேலை, கரண்ட் பில்லை அவன்தான் பார்க்கிறான். வந்த காசுக்கு ஏற்றமாதிரி நான் ஸ்டாண்டிங் ஓர்டரைக் குறைத்தேன். அது என் பிழை. யாரிடமாவது கேட்டிருக்கவேண்டும்.

ஒக்டோபரில் பாக்கி நாலு கிழமை வாடகையளவுக்கு வந்ததும் நோட்டீஸ் வந்தது. வீட்டைத் திரும்ப எடுக்க வழக்குப் போடப்போகிறோம் என்ற நோட்டீஸ். வாசித்தவுடன் நாளைக்கே வெளியே போடப்போகிறார்கள் என்று பயந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அது வெளியேற்றும் உத்தரவு இல்லை. அதற்குப் பிறகு குறைந்தது நாலு கிழமை போகாமல் அவர்கள் கோர்ட்டுக்கே போகமுடியாது. பிறகு வழக்கு, நீதிபதி, உத்தரவு, அதற்கும் பிறகுதான் ஆட்களை வெளியேற்ற வரும் பெய்லிஃப். இதை யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு இரவும் நித்திரை கொண்டிருப்பேன்.

வேலைக்கு லீவு போட்டு, இவரைச் சக்கர நாற்காலியில் வைத்து இரண்டு பஸ் மாறி, கடிதங்களை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு கவுன்சில் கட்டடத்துக்குப் போனோம். வரவேற்பில் இருந்த பிள்ளை தலையை நிமிர்த்தாமலே, முன்பதிவு இல்லாமல் வாடகைப் பகுதியில் யாரையும் பார்க்கமுடியாது, போன் பண்ணுங்கள் என்றது. பையைத் திறக்கக்கூட விடவில்லை. இவருக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. போகமுன்னர் போன் பண்ணிப் பதிவு செய்யுங்கள், கதைத்த ஓபிசரின் பெயரையும் திகதியையும் எழுதி வையுங்கள்.

போனில் 55 நிமிடம் காத்திருந்துதான் வாடகைப் பகுதி ஓபிசர் ஒருவர் கிடைத்தார். எனக்கு வரும் காசு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று ஒரு கேள்வி இல்லை. கிழமை வாடகைக்கு மேலே 40 பவுண் கட்டு, இல்லாவிட்டால் கோர்ட் என்றார். பயத்தில் ஓம் என்றேன். இந்த முழுக் கதையிலும் நான் செய்த பெரிய பிழை அந்த ஓம்தான். இரண்டு கிழமை கடன் வாங்கிக் கட்டினேன், மூன்றாவது கிழமை முடியவில்லை. ஜனவரியில் கோர்ட் பேப்பர் வந்தபோது அதில் நான் 'ஒப்பந்தத்தை மீறியவள்' என்று எழுதியிருந்தது. கட்டமுடியாத தொகைக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். ஐந்து பவுண்தான் முடியும் என்றால் ஐந்து என்று சொல்லி, அதையே ஈமெயிலிலும் எழுதி, தவறாமல் கட்டுங்கள்.

கோர்ட் பேப்பர் வந்ததும் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். "கோர்ட்டுக்குப் போனால் மானம் போகும், சாவியைக் குடுத்திட்டு வெளிக்கிடு தங்கச்சி, கவுன்சில் வேற வீடு தரும்" என்றார் ஒரு அண்ணா. நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அப்படித் தானாக வெளிக்கிட்டால், வேண்டுமென்றே வீட்டை விட்டவர் என்று சொல்லி அவர்கள் கையை விரிக்கலாம். நீதிபதி சொல்லும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.

பதில் எழுதும் படிவத்தை மகன் நிரப்பி அனுப்பினான். வழக்கு நாளன்று கோர்ட் வாசலில் வரிசையாக எங்களைப்போலப் பத்துப் பதினைந்து பேர். உள்ளே போனதும் பதிவு மேசையில் டியூட்டி லோயர், அதாவது அன்றைய வழக்குகளுக்கு உதவ அங்கே இருக்கும் வழக்கறிஞர், வேண்டும் என்று கேளுங்கள். இலவசம், சம்பளம் எவ்வளவு என்றும் கேட்கமாட்டார்கள். 2023 ஓகஸ்டிலிருந்து இந்த உதவி கோர்ட் வாசலில் மட்டும் இல்லை, நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்தே கிடைக்கும். ஹவுசிங் லொஸ் பிரிவென்ஷன் அட்வைஸ் சேர்விஸ் என்பது பெயர். நான் ஒக்டோபரிலேயே போயிருக்கலாம், கோர்ட் வாசலில்தான் தெரிந்துகொண்டேன்.

வந்தது ஒரு இளம் பெண் வழக்கறிஞர். என் போனில் யூனிவர்சல் கிரெடிட் ஸ்டேட்மென்டைப் பார்த்தவர் அந்த 91 பவுணில் விரலை வைத்து, உங்கள் கணவருக்குப் பிப் (நோயாளிகளுக்கும் இயலாதவர்களுக்கும் வரும் உதவிக் காசு) வருகிறதா, அதில் டெய்லி லிவிங் என்ற அன்றாடத் தேவைக்கான பகுதி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியானால் இந்தக் காசை வெட்டியிருக்கவே கூடாது என்றார். யூனிவர்சல் கிரெடிட் எடுப்பவருக்கோ அவரோடு சேர்ந்து எடுக்கும் துணைக்கோ அந்தப் பகுதி கிடைத்தால் வளர்ந்த பிள்ளைக்காக வெட்டமுடியாதாம். எட்டு மாதம்! எத்தனை பேரோடு கதைத்திருப்பேன், ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

பிப் கடிதம் வேண்டும் என்றார். அது என் பையில் இல்லை. வீட்டில் அலுமாரிக்குள். எங்கள் பெயரைக் கூப்பிட இன்னும் இருவர்தான் இருந்தார்கள். மகனுக்குப் போன் அடித்தேன், அவன் தேடிப் படம் பிடித்து வட்ஸப்பில் அனுப்பினான். படம் வந்த அந்த நிமிடத்தை நான் மறக்கமாட்டேன். யாருக்குப் பாக்கி இருந்தாலும் எல்லா பெனிஃபிட் கடிதத்தையும், வங்கி ஸ்டேட்மென்டையும், வாடகை ஸ்டேட்மென்டையும் கையோடு கொண்டுபோங்கள், சம்பந்தமில்லை என்று நினைப்பதையும் சேர்த்து.

வழக்கு பத்து நிமிடம்கூட இல்லை. சின்ன அறை, நீண்ட மேசை, நீதிபதி சாதாரண உடுப்பில். வழக்குப் போடமுதல் கவுன்சில் வருமானத்தைக் கேட்டு, கட்டக்கூடிய தொகையைப் பேசி, பெனிஃபிட் சிக்கலைத் தீர்க்க உதவியிருக்கவேண்டும், அதற்கென்று விதிமுறையே இருக்கிறது, எதுவும் நடக்கவில்லை என்று அந்த வழக்கறிஞர் பிள்ளை நிதானமாக எடுத்துச் சொன்னது. நீதிபதி கவுன்சில் பக்கத்தைப் பார்த்து, இவர்களின் வருமானத்தைக் கேட்டீர்களா என்றார். பதில் வரவில்லை. நடப்பு வாடகையும் கிழமைக்கு 5 பவுணும் கட்டவேண்டும் என்ற நிபந்தனையில் வழக்கை ஒத்திவைத்தார். முந்நூறு பவுணுக்கு மேல் வரும் கோர்ட் செலவையும் எங்கள் கணக்கில் ஏற்றவிடவில்லை. வெளியே வந்து அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வெட்டிய காசுக்கு, முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லி அவரே வசனம் எழுதித் தந்தார். ஜேர்னலில் போட்டோம். ஏப்ரல் முடிவில் ஜூலையிலிருந்து பிடித்தது எல்லாம் மொத்தமாக வந்தது, அன்றைக்கே வாடகைக் கணக்கில் கட்டினேன். ஆனால் வாடகை கூடியதைப் பிந்தி அறிவித்த இழப்பு திரும்பி வரவில்லை. அதை நாங்கள்தான் கட்டவேண்டும்.

2025 ஏப்ரலில் வாடகை 2.7 வீதம் கூடியது. மார்ச்சிலேயே பதியப்போனால் ஏற்காது, கூடிய நாளிலோ அதற்குப் பிறகோதான் பதியவேண்டும். ஏப்ரல் 7 திங்கட்கிழமை, வேலை முடிந்து பஸ்ஸுக்குள் இருந்தே 143 பவுண் 79 பென்ஸ் என்று பதிந்து, திரையைப் படமும் பிடித்து வைத்தேன். பாக்கி இப்போது 387.