1,200 ரூபாய் ஓய்வூதியம், ஏழு மாத அலைச்சல்

போன வாரம்தான் நாங்கள் உதவிய ஓர் அக்காவின் கணக்கில் முதல் 1,200 ரூபாய் ஏறியது. விதவை ஓய்வூதியத்துக்கு இ-சேவையில் விண்ணப்பம் போடுவது அரை மணி நேர வேலை. அதற்குத் தேவையான தாள்களைச் சரிசெய்வதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது. பென்னாகரம் பக்கம் ஊர். கணவர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், அங்கேயே ஆஸ்பத்திரியில் இறந்தவர். தருமபுரி, கிருஷ்ணகிரியில் களப்பணி செய்பவர்கள் கையில் இப்படி ஒரு கேஸாவது இருக்கும்.

எல்லாம் சிக்கியது இறப்புச் சான்றிதழில்தான். ஆதாரில் 'ஐயன்' என்று முடியும் பெயர், கர்நாடகச் சான்றில் அவர்கள் வழக்கப்படி 'அய்யா' ஆகிவிட்டது. அப்பா பெயரும் இல்லை. "இவர்தான் அவர்னு நான் எப்படிம்மா எழுதித் தர்றது?" என்று கிராம நிர்வாக அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் எங்கே போய்த் திருத்துவது என்று யாரும் சொல்லவில்லை. இறப்பு எங்கே பதிவானதோ அந்தப் பதிவாளர்தான் திருத்த முடியும்; தருமபுரியில் எத்தனை மனு கொடுத்தாலும் நடக்காது. இது தெரியாமல் இரண்டு நாள் கூலி போனது. பிறகு ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை நகல்களோடு பெங்களூருக்கே போய்த் திருத்தி வாங்கினோம். அங்கே முதல் தடவை போனபோது ஒரிஜினல் கேட்டார்கள், கையில் ஜெராக்ஸ் மட்டும்தான் இருந்தது. அந்தப் பயணமும் வீண். வெளியூரில் இறப்பு என்று தகவல் வந்த உடனே, உடலை வாங்கப் போகிறவர் கையில் இறந்தவரின் ஆதார் நகலைக் கொடுத்தனுப்புங்கள். பதிவுக்கு எழுதுபவர் அதைப் பார்த்து எழுதினால் இத்தனை பாடு கிடையாது.

அடுத்தது இ-சேவை. தனியார் மையத்தில் இருந்த பையன் ஓய்வூதியத்துக்குப் பதிலாக 'ஆதரவற்ற விதவைச் சான்று' போட்டுவிட்டான். அது அரசு வேலை முன்னுரிமைக்காகக் கோட்டாட்சியர் தருவது. ஓய்வூதியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்று வாரம் காத்திருந்த பிறகுதான் தெரிந்தது. ஒப்புகைச் சீட்டில் திட்டத்தின் பெயரைப் படித்துப் பார்க்காமல் மையத்தை விட்டு இறங்காதீர்கள். சரியான விண்ணப்பம் போடப் போனால் ஓடிபி வரவில்லை. அக்காவின் ஆதாரில் இருந்தது கணவரின் நம்பர், ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போயிருந்தது. நம்பர் மாற்ற அக்காவே ஆதார் மையத்துக்கு நேரில் போக வேண்டியிருந்தது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அதிகாரிகள் விசாரணைக்கு வரும் நேரத்தையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். கூலிக்குப் போனவர் வீடு பகலில் பூட்டித்தான் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுப் போய் எழுதினால் கோப்பு மறுபடி கீழே போகும். மனு நகர்வதாகத் தெரியாததால் கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொண்டோம். அதன் பிறகு வேகமாகத்தான் நகர்ந்தது.

இத்தனைக்கும் நடுவில் பெரிய தொகை கிடைத்தது வேறு இடத்தில். கணவரின் பழைய பாஸ்புக்கை வரி வரியாகப் பார்த்தபோது 436 ரூபாய் பிடித்த ஒரு வரி தட்டுப்பட்டது. அது மத்திய அரசின் ஜீவன் ஜோதி காப்பீடு, எப்படி இறந்தாலும் 2 லட்சம். (20 ரூபாய் பிடித்திருந்தால் சுரக்‌ஷா காப்பீடு, அது விபத்துக்கு மட்டும், எஃப்ஐஆர், பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள்.) ஆண்டுதோறும் ஜூன் முதல் மே வரை கணக்கு, கடைசியாக எந்த ஆண்டுக்குப் பிடித்தார்கள் என்று பாருங்கள். வங்கிக் கவுண்டரில் "அப்படி எதுவும் இல்லையே" என்றுதான் முதலில் சொன்னார்கள். பாஸ்புக் வரியைக் காட்டியதும் படிவம் வந்தது. 30 நாளுக்குள் கொடுப்பது நல்லது. எங்களுக்குத் தாண்டிவிட்டது, தாமதத்துக்குக் காரணம் எழுதி இணைத்தோம், பணம் வந்துவிட்டது.

குழுக்கடன் விஷயத்தில்தான் எனக்கு இன்னும் ஆற்றாமை. கணவர் இறந்த பிறகும் ஐந்து வாரம் அக்கா தண்டலில் வாங்கித் தவணை கட்டியிருக்கிறார். இத்தகைய கடன்களில் பெரும்பாலும் கணவன் மனைவி இருவர் பெயரிலும் காப்பீடு பிடித்தம் உண்டு. கடன் அட்டையில் அந்தப் பிடித்தம் இருந்தது, யாரும் சொல்லவில்லை. சான்றிதழுக்குக் காத்திருக்காமல் கடன் கொடுத்தவர்களுக்கு இறப்பை எழுத்தில் தெரிவித்து, நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். வசூலுக்கு வருபவர்களிடம் ஒன்று சொல்லலாம்: ரிசர்வ் வங்கியின் விதிப்படி காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ போன் போட்டுக் கேட்கக் கூடாது.

ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் மாற்றம் இன்னும் பாக்கி. அதற்கும் அதே இறப்புச் சான்றைத்தான் கேட்கிறார்கள். இந்தத் தடவை பெயர் சரியாக இருக்கிறது.