ரெட்டேரியிலிருந்து எண்ணூர் வரை: களை தின்னும் பூச்சிகளைத் தேடி

கார்த்திகை மழை இரண்டு நாள் விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்குப் பெரம்பூர் ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துவிட்டு, மூலக்கடை போகும் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். பையில் ஒரு லென்ஸ், பேனாக்கத்தி, மூடி போட்ட பழைய டிபன் டப்பா, மத்தியானத்துக்கு எலுமிச்சை சாதம். அன்று நான் பார்க்கக் கிளம்பியது ஆகாயத்தாமரையைத் தின்னும், அரிசி மணி அளவே இருக்கும் ஒரு கூன்வண்டை.

அந்த வண்டு மேல் எனக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்பு, வியாசர்பாடி வீட்டு மாடியில் அம்மா ஒரு சிமெண்ட் தொட்டி வைத்திருந்தாள். அதில் விட ஒரு நர்சரியிலிருந்து ஆகாயத்தாமரை வாங்கி வந்தது நான்தான். வெளிர் ஊதாப் பூ, மேலிதழில் மயிற்பீலிக் கண் மாதிரி ஒரு மஞ்சள் பொட்டு. அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மூன்றே மாதத்தில் தொட்டி நிரம்பி வழிந்தது. அள்ளிய பக்கெட்டை எங்கே கொட்டுவது என்று யோசிக்கக்கூட இல்லை, தெருவுக்குப் பின்னால் ஓடும் கேப்டன் காட்டன் கால்வாயில் கொட்டினேன். அந்தக் கால்வாயில் ஆகாயத்தாமரை அதற்கு முன்பே இருந்தது, என் பக்கெட்டால் வந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஐப்பசியிலும் தண்ணீர் போக வழியில்லாமல் தெருவுக்குள் ஏறும்போது அந்த நீலப் பக்கெட் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

தோட்டத்துக்கு அழகுக்காக வந்து வெளியே தப்பியவைதான் நம் களைகளில் பல. அமேசான் பக்கத்து ஆகாயத்தாமரை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்குப் பூவுக்காக வந்தது. உண்ணிச்செடியும் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்து இறங்கியதுதான். சொந்த ஊரில் இவற்றைத் தின்று மட்டுப்படுத்த ஒரு பட்டாளமே பூச்சிகள் உண்டு. கப்பலேறி வந்தது செடி மட்டும், பூச்சிகள் அங்கேயே தங்கிவிட்டன. அந்தப் பூச்சிகளில் ஒன்றிரண்டைப் பின்னாலேயே வரவழைத்து விடுவதுதான் உயிரியல் கட்டுப்பாடு.

ரெட்டேரியில் இறங்கியபோது வெயில் ஏறவில்லை. இரட்டை ஏரி என்பதுதான் வாய்வழக்கில் ரெட்டேரி. கரையோரம் பத்துப் பதினைந்து அடிக்குத் தண்ணீரே தெரியவில்லை, பச்சைப் பாய் விரித்தாற்போல ஆகாயத்தாமரை. நீலத் தாழைக்கோழிகள் அதன் மேல் தரையில் நடப்பதுபோல நடந்துகொண்டிருந்தன. மழைத் தண்ணீரின் வாசனைக்கு அடியில் சாக்கடை நாற்றமும் இருந்தது.

மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இன்னா தம்பி தேடுற? செல்லு வுழுந்துடுச்சா?”

“இல்லம்மா. இந்தச் செடியத் திங்கிற ஒரு வண்டு இருக்கு. அதப் பாக்கலாம்னு.”

“வேர்ல கைய வுடாத. பாம்பு கீது இருக்கும்.” சொன்னதோடு நில்லாமல், அரிவாளால் ஒரு செடியைக் கொக்கி போட்டு இழுத்துக் கரையில் போட்டார்.

இலையைப் பார்த்ததுமே எனக்கு நெஞ்சு படபடத்தது. பளபளப்பான மேல்தோலை யாரோ நகத்தால் சுரண்டி எடுத்த மாதிரி, மூன்று நான்கு மில்லிமீட்டரில் சின்னச் சின்னத் தழும்புகள். அடித்தோல் கண்ணாடிக் காகிதம்போல மிச்சமிருந்தது. சில தழும்புகள் பழுப்பேறியவை, சில அன்று ராத்திரி சுரண்டியவை, இன்னும் ஈரம் காயவில்லை. இது ராத்திரியில் மேயும் வண்டு, பகலில் நடுக்குருத்துக்குள் ஒளிந்துகொள்ளும். குருத்தை மெல்லப் பிரித்தேன். சேறு ஒட்டிய மிளகுத் துண்டு மாதிரி ஒன்று டப்பாவில் விழுந்து, காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோலக் கிடந்தது. ஒரு நிமிடம் கழித்து வளைந்த மூக்கை நீட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. லென்ஸில் பார்த்தால் சாம்பல் பழுப்பு முதுகில், நடுவே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கருங்கோடுகள். நான் தேடி வந்த கூன்வண்டேதான், அறிவியல் பெயர் நியோகெடினா ஐகார்னியே.

அந்தம்மா குனிந்து பார்த்தார். “இத்தினியூண்டா?”

இத்தினியூண்டுதான். ஆனால் வேலை நடப்பது வெளியே தெரியும் தழும்பில் இல்லை. காற்று அடைத்த அந்தக் குண்டுத் தண்டைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து காட்டினேன். பஞ்சுபோன்ற வெள்ளைக்குள் ஒரு பழுப்புச் சுரங்கம் கீழ்நோக்கிப் போனது. அதன் முனையில் காலில்லாத வெள்ளைப் புழு. முட்டை தண்டுக்குள், புழு தண்டிலிருந்து கிழங்கு வரை தோண்டும், கூட்டுப்புழு தண்ணீருக்கடியில் வேரில். அந்தச் சுரங்கத்தில் தண்ணீரும் பூஞ்சையும் பாக்டீரியாவும் புகுந்தால் செடி அழுகி, மிதக்கும் சக்தியை இழந்து தாழ்ந்துபோகும்.

“இது நெல்லக் கில்ல திங்காதா?” என்றார். கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். அர்ஜெண்டினா பூர்வீகமான இந்த வண்டை 1982இல் அமெரிக்கா வழியாகப் பெங்களூருக்குக் கொண்டுவந்தபோது அங்கிருந்த விஞ்ஞானிகளும் அதைத்தான் முதலில் பார்த்தார்கள். அடைத்த அறையில் பயிர்களையும் மற்ற செடிகளையும் வைத்து, பட்டினி கிடந்தாலும் கிடக்குமே தவிர இவற்றைத் தின்று முட்டை வைத்துப் பெருகாது என்று உறுதி செய்துகொண்டு 1983இலிருந்து ஏரிகளில் விட்டார்கள். ஆகாயத்தாமரை இல்லையென்றால் இந்த வண்டும் இல்லை. அந்தப் பிடிவாதம்தான் இதன் மேல் எனக்கு நம்பிக்கை.

“அப்ப ஏன் இன்னும் இப்டியே கீது? வருசா வருசம் மெஷின் வந்து வார்றாங்க, அடுத்த மழைக்கு மறுபடி இதே கதி.”

அவர் கேள்வியிலேயே பாதி பதில் இருந்தது. சாக்கடை கலந்த தண்ணீர் இந்தச் செடிக்கு விருந்து. இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். வண்டுக்கோ முட்டையிலிருந்து பெரிய வண்டாக மூன்று நான்கு மாதம் ஆகும். அது எண்ணிக்கையில் பெருகி வரும் நேரத்தில் மிதவை இயந்திரம் வந்து செடியோடு வண்டையும் அள்ளிக் கரையில் காய வைத்துவிடுகிறது. ஏரியில் மிஞ்சுவது விதையும் நாலு துண்டுச் செடியும். அவை வண்டே இல்லாத தண்ணீரில் மறுபடி பரவுகின்றன. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1995இலிருந்து இந்த வண்டுகளை விட்டார்கள், சில வருடத்தில் பாய் பாயாகச் செடி தாழ்ந்தது. அங்கே வண்டுக்கு அவகாசம் கிடைத்தது. வெள்ளம் வரும் சென்னையில் இயந்திரமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், மழைக்கு முன் வழி திறந்தே ஆக வேண்டும். ஆனால் ஏரியின் ஒரு மூலையையாவது வாராமல் விட்டால் அங்கிருந்து வண்டுகள் புதுச்செடிக்கு வந்து சேரும். கழிவுநீர் வருவதை நிறுத்தாமல் எந்தப் பூச்சியாலும் இந்த ஓட்டப்பந்தயத்தில் ஜெயிக்க முடியாது என்பதையும் அன்று கரையில் நின்றபோது மூக்காலேயே உணர்ந்தேன். வண்டைத் திரும்பக் குருத்தில் விட்டேன். அந்தம்மா செடியைக் காலால் தண்ணீருக்குள் தள்ளிவிட்டார்.

அங்கிருந்து மாதவரம் பால்பண்ணைப் பக்கம் நடந்தேன். காலி மனைகளில் இடுப்பளவு பார்த்தீனியம், வெள்ளைப் பொரி தூவிய மாதிரிப் பூ. இதைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்டது. வெண்ணெய் நிற முதுகில் பழுப்புக் கோடு வளைவுகள், பார்க்க அழகாக இருக்கும். நாலு மனை தேடியும் வண்டு கிடைக்கவில்லை. ஒரே ஒரு செடியில் நுனிக்குருத்து மொட்டையாகி நரம்பு மட்டும் நின்றது. மழைக்காலம் முடிந்தால் இது மண்ணுக்குள் போய் மாதக்கணக்கில் தூங்கும், அதற்குள் செடி பூத்து விதை கொட்டிவிடும். 1990களின் தொடக்கத்தில் இந்த வண்டு சூரியகாந்தியைத் தின்கிறது என்று பெரிய பயம் எழுந்து விசாரணைக் குழு வரை போனது. சூரியகாந்தி இலைமேல் படிந்த பார்த்தீனிய மகரந்தம்தான் அதை இழுத்தது என்று பிறகு தெரிந்தது. பயந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயல் அவர்களுடையது, அவர்கள் கேட்கத்தான் வேண்டும்.

உண்ணிச்செடியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரு வேலியில் இருந்தது, இலைகள் வெளிறிப் புள்ளி புள்ளியாய். சல்லாத்துணிச் சிறகுள்ள ஒரு குட்டிப் பூச்சியின் வேலை. 1941இல் அதை டேராடூனுக்குக் கொண்டுவந்தவர்கள், தேக்குப் பூவையும் தொடுமோ என்று அஞ்சி அழித்துவிட முடிவு செய்தார்கள். அதற்குள் அது தப்பி வெளியே போய்விட்டது. இன்றைக்கு நாடு முழுக்க இருக்கிறது, உண்ணிச்செடியும் அதற்கு அசையாமல் நாடு முழுக்க இருக்கிறது.

மணலி வழியாக பஸ் பிடித்து எண்ணூர் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. தாழங்குப்பம் தாண்டி, கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், ஒரு பக்கம் அலை. படகு நிழலில் சாப்பிட்டுவிட்டு மணல்மேட்டில் ஏறினேன். வேலிகாத்தான் புதருக்கு நடுவே ஒரு சப்பாத்திக்கள்ளி. அதன் மட்டைகளில், மழையில் கழுவிப்போகாமல் அடிப்பக்கத்தில் மட்டும், பஞ்சு ஒட்டிய மாதிரி வெள்ளைத் திட்டுகள்.

கொச்சினீல் பூச்சி. ஒரு திட்டை நகத்தால் நசுக்கினேன். குங்குமத்தைக் கரைத்த மாதிரி ஆழ்ந்த சிவப்பு விரலெல்லாம் வழிந்தது. அந்தப் பஞ்சுக்குள் நகராமல், மட்டையில் வாயை ஊன்றி உட்கார்ந்திருக்கும் பெண் பூச்சிதான் அந்தச் சாயம்.

இந்தச் சிவப்புக்குச் சென்னையோடு பழைய உறவு உண்டு. 1780களின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர், சாயத்துக்காக இந்தப் பூச்சியை இங்கே வளர்க்க ஆசைப்பட்டுச் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டமே போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி வந்தது. ஆனால் அது நல்ல சாயம் தரும் இனம் இல்லை, காட்டு இனம். சாயத் தொழில் படுத்தது. பூச்சியோ ஒரு வகைக் கள்ளியை விடாமல் தின்று, காடாய்க் கிடந்த இடங்களைக் காலி செய்தது. 1836 வாக்கில் அதே வேலைக்காகத் தெற்கே கொண்டுவந்தார்கள். இங்கே பரவிக் கிடந்த இன்னொரு கள்ளியை, இதோ இந்த மணல்மேட்டில் நிற்கிறதே, இதை அது தொடவே இல்லை. இதற்கென்று வேறொரு கொச்சினீலை 1926இல் இலங்கையிலிருந்து வரவழைத்தார்கள். சில வருடத்தில் தென்மாவட்டங்களில் முள்காடாய் மூடிக் கிடந்த நிலங்கள் மறுபடி திறந்தன. கள்ளி அடியோடு அழியவில்லை, பூச்சியும் அழியவில்லை. ஏறக்குறைய நூறு வருடமாக இரண்டும் இப்படி அளவோடு சேர்ந்து வாழ்கின்றன. நான் காலையிலிருந்து தேடிய சமாதானம் இந்த ஒற்றைப் புதரில்தான் இருந்தது. அதன் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இறங்கி வரும்போது வலை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் விரலைப் பார்த்து, “முள்ளு குத்திச்சா?” என்றார். கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, வலையிலிருந்து ஒரு கருப்புக் கொத்தை எடுத்து என் கையில் வைத்தார். காக்கா ஆழி. தென் அமெரிக்கக் கடலோரத்திலிருந்து வந்து, ஆற்றின் அடிச்சேற்றையே ஓடு ஓடாய் மூடிவிட்ட சிப்பி.

“இறாலு பொதையறதுக்கு சேறே இல்லப்பா. கைய வுட்டுத் தடவுனா கீறிக் கிழிச்சுடுது. இதுக்கு ஒரு பூச்சி இருந்தா கொண்டாந்து வுடச் சொல்லேன்.”

அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! கள்ளிப்பூச்சிக்குக் கள்ளி மட்டும்தான் சாப்பாடு ஐயா, அதனால் அதை நம்பி விடலாம். இந்த ஆழியைத் தின்னும் நண்டோ மீனோ நத்தையோ, இதை மட்டும் தின்றுவிட்டு நம் பச்சை ஆழியையும் மட்டியையும் விட்டுவைக்காது. இப்படி ஒன்றைக் கடலில் விட்டுவிட்டால் திரும்பக் கூப்பிடவும் முடியாது. சொல்லி முடித்ததும் அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“அப்ப கையாலதான் வாரணும்.”

படகைத் தண்ணீரில் இறக்க ஒரு பக்கம் நானும் தோள் கொடுத்தேன். முழங்கால் வரை தண்ணீரில் நின்றபோது காலுக்கடியில் அந்த ஓடுகள் நறநறவென்றன.