யோம் கிப்பூர் வருகிறது என்றால்

இஸ்ரேலின் ரெஹோவோத் நகருக்குப் புதிதாகக் குடிவரும் நம்மூர் ஆராய்ச்சியாளர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: யூதர்கள் நோன்பிருந்து பாவமன்னிப்புக் கேட்கும் யோம் கிப்பூருக்கு முந்தின நாள் காலையிலேயே பாலும் காய்கறியும் வாங்கி வைத்துவிடுங்கள். அப்புறம் கடை இல்லை, பஸ் இல்லை, ரயில் இல்லை. பென் குரியன் விமான நிலையம்கூட மூடிவிடும். டிவியும் ரேடியோவும் நின்றுவிடும். கார் ஓட்டக் கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் யூதர்கள் வாழும் ஊர்களில் ஆம்புலன்ஸ் தவிர வேறு வண்டியைப் பார்ப்பது அபூர்வம்.

1973 அக்டோபர் 6 யோம் கிப்பூர் நாள். எகிப்தும் சிரியாவும் அன்று பிற்பகல் 2 மணிக்கு இஸ்ரேலைத் தாக்கின. தொழுகையில் இருந்த ஆண்கள் அப்படியே போர்முனைக்குப் போனார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பாட்டிக்கு இந்த நாளில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டாலே இப்போதும் முகம் மாறிவிடுகிறது.

நோன்பு சுமார் 25 மணி நேரம், தண்ணீரும் கூடாது. தோல் செருப்பு போடமாட்டார்கள்; வெள்ளை உடுத்தி, கான்வாஸ் ஷூவோடு ஜெப ஆலயம் போவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் நோயாளி சாப்பிட்டே ஆக வேண்டும். அதுவும் அவர்கள் மதச் சட்டம்தான்.

என்னைப் பொறுத்தவரை பட்டினியைவிடக் கடினமானது அதற்கு முந்தைய நாட்கள். கடவுளுக்குச் செய்த தவறைத்தான் இந்த நாள் போக்கும். சக மனிதனுக்குச் செய்ததை அவனிடமே போய்ச் சமாதானம் செய்துகொள்ள வேண்டும் என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. மனம் இரங்காவிட்டால் மூன்று முறை வரை கேட்கச் சொல்கிறார் 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ். பொத்தாம்பொதுவாக எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் மன்னிப்பு அனுப்புகிறவர்களும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை.

பாட்டியின் பேரன் என் மகள் வரைந்த படத்தைக் கிழித்துவிட்டு ஒரு மாதமாகப் பேசாமல் இருந்தான். நோன்புக்கு முந்தின வாரம் கதவைத் தட்டி, செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். இவள் முடியாது என்றாள். மறுநாளும் வந்தான். 'பாவம்டி, சரின்னு சொல்லு' என்று நான் சொல்லப்போனேன், பாட்டி தடுத்தார். "அவள் மனசு வந்து சொல்லட்டும், நாம் சொல்ல வைக்கக் கூடாது" என்றார்.

மூன்றாம் முறை சரி என்றாள். யோம் கிப்பூர் அன்று ஹெர்சல் தெருவின் நட்டநடுவில், நூற்றுக்கணக்கான பிள்ளைகளோடு, இரண்டு பேரும் சைக்கிள் ஓட்டினார்கள்.